காலையில் முரண்டு பிடிக்கும் வண்டி: செலவுக்கு முன் சோதனை



நம் கூட்டமைப்பில் இன்று பல குழுக்கள் சொந்தமாக லோடு வண்டி வைத்திருக்கின்றன. சில உறுப்பினர்கள் கடன் வாங்கி கார், வேன் ஓட்டுகிறார்கள். வண்டி வாங்கும்போது கடன் விண்ணப்பம், தவணை, இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றையும் கூடிப் பேசுகிறோம். வாங்கிய பிறகு வண்டிக்கு நோய் வந்தால் மட்டும், "அது மெக்கானிக் சமாச்சாரம், நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறோம். இந்த இதழில் அதைப் பற்றித்தான் படிக்கப் போகிறோம். மெக்கானிக் வேலையைக் கற்றுக்கொள்வதற்காக இல்லை. மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்காக.

நடந்த ஒரு விஷயத்தில் இருந்தே தொடங்குவோம்.

38,000 ரூபாய் செலவா?

தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு குழு. 14 உறுப்பினர்கள். எல்லோரும் காய்கறி போடுகிறவர்கள். தக்காளி, பீன்ஸ், முட்டைக்கோஸ், கொத்தமல்லி. ஓசூர் உழவர் சந்தைக்கு அடையாள அட்டை வைத்திருக்கிறார்கள். உழவர் சந்தைத் திட்டம் 1999-இல் மதுரையில் தொடங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அங்கே விவசாயிதான் நேரடியாக விற்க வேண்டும். ஆனால் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தால்தான் வியாபாரம். ஏழு மணிக்கு மேல் போனால் பாதிக் கூடை திரும்பி வரும்.

அதற்காகவே இந்தக் குழு ஒரு பழைய டீசல் லோடு வண்டியை 2,10,000 ரூபாய்க்கு வாங்கியது. சின்ன வண்டி, இரண்டு சிலிண்டர். குழு சேமிப்பில் இருந்து 60,000, வங்கிக் கடன் 1,50,000. மாதத் தவணை 5,000 ரூபாய், 36 மாதம். ஓட்டுபவர் அதே குழுவின் உறுப்பினர். முப்பது வயது கூட ஆகாத பெண். ஒரு ட்ரிப்புக்கு 350 ரூபாய் சம்பளம்.

கார்த்திகை பிறந்ததில் இருந்து வண்டி காலையில் முரண்டு பிடித்தது. நான்கரை மணிக்கு சாவி போட்டால் ஆறு ஏழு தடவை செல்ஃப் அடித்த பிறகுதான் உயிர் வரும். வந்தாலும் வண்டி முழுக்கக் கிடுகிடுவென ஆடும். வெள்ளைப் புகை தெருவை மூடும். நான்கைந்து நிமிடம் போனால் சரியாகிவிடும். பிறகு நாள் முழுக்க ஒரு தொந்தரவும் கிடையாது. சந்தையில் இருந்து திரும்பும்போது ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகும்.

மார்கழிக் குளிரில் இன்னும் மோசமானது. இரண்டு நாள் சந்தையில் இடம் போனது. இரண்டு நாளும் காய் கமிஷன் மண்டிக்குப் பாதி விலைக்குப் போனது. குழுவில் பேச்சு வளர்ந்தது.

"அந்தப் புள்ளைக்கு ஸ்டார்ட் பண்ணவே தெரியல. சாவியப் போட்டுத் திருகித் திருகியே வண்டியக் கெடுத்துட்டா."

"ஆம்பள டிரைவர் போட்டா சரியாப் போயிடும்."

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். மதியம் மூன்று மணிக்கு, ஓடிவந்த சூட்டோடு. கேட்டுப் பார்த்த மெக்கானிக், "காலையில ஸ்டார்ட் ஆகலன்னா கம்ப்ரஷன் போயிருக்கும். இன்ஜின் எறக்கணும். 38,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

இங்கே எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். குழு எங்களிடம் வந்து கேட்டபோது, "மெக்கானிக் சொன்னா சரியாத்தான் இருக்கும், கூட்டமைப்புல கடன் கேளுங்க" என்று நாங்களும் சொன்னோம். விண்ணப்பத்தை நிரப்பியும் கொடுத்தோம். வண்டி ஓட்டும் அந்தப் பெண் மட்டும் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு எங்களிடம் வந்தார். "மேடம், ஒரே ஒரு நாள் காலையில வந்து நீங்களே பாருங்க. மதியத்துல பாத்தா எதுவும் தெரியாது" என்றார்.

அன்று இரவு அந்த ஊரிலேயே தங்கினோம்.

வண்டி என்ன சொல்கிறது?

எங்களுக்கும் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சமூகப்பணி படிப்பில் இன்ஜின் பாடம் இல்லை. எங்களுக்குத் தெரிந்த, பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனில் கேட்டோம். அவர் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கு முன்னால் எங்களிடம் நான்கு கேள்வி கேட்டார். அந்த நான்கு கேள்விதான் இந்தப் பாடத்தின் முதல் பகுதி. உங்கள் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

1. சாவி திருப்பும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா?

2. சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா, வரவில்லையா? வந்தால் என்ன நிறம்?

3. ஸ்டார்ட் ஆன பிறகு ஆட்டம் எவ்வளவு நேரம் இருக்கிறது? சூடானதும் நிற்கிறதா?

4. சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு மறுபடி போட்டால் உடனே வருகிறதா?

இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. எப்படி என்று பார்ப்போம்.

டீசல் வண்டியும் ஈர விறகு அடுப்பும்

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கி அமுக்குவார்கள். அமுக்கும்போது காற்று பயங்கரமாகச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்ததும் தானாகப் பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்தான்.

காலையில் இன்ஜின் இரும்பு முழுக்கச் சில்லென்று இருக்கும். அமுக்கிய காற்றின் சூட்டை அந்த இரும்பே குடித்துவிடும். டீசல் பற்றாது. அதற்காகத்தான் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சிலிண்டருக்கு ஒன்று. சாவியை முதல் கட்டம் திருப்பியதும் மீட்டர் பலகையில் சுருள் போல ஒரு விளக்கு எரிகிறதே, அப்போது இந்த பிளக் உள்ளே கனன்று சூடேறுகிறது. விளக்கு அணைந்த பிறகு செல்ஃப் அடிக்க வேண்டும்.

பிளக் வேலை செய்யவில்லை என்றால் என்ன ஆகும்? ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? பற்றாது, வெள்ளையாகப் புகையும். இங்கேயும் அதேதான். தெளித்த டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும். கண் எரியும், பச்சை டீசல் நாற்றம் அடிக்கும். இரண்டில் ஒரு சிலிண்டர் மட்டும் பற்றினால் வண்டி ஒற்றைக் காலில் நொண்டுவது போல ஓடும். இன்ஜின் சூடானதும் இன்னொரு சிலிண்டரும் பற்றிக்கொள்ளும். ஆட்டம் நிற்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அண்ணன் கேட்ட கேள்விகளுக்குத் திரும்பி வருவோம்.

*இழுத்து இழுத்துச் சுற்றினால்:* பேட்டரி, பேட்டரி டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார். இந்த நான்கில் ஒன்று. கெட்டியாகிப்போன பழைய ஆயிலும், தப்பான கிரேடு ஆயிலும் இதே வேலையைச் செய்யும்.

*வேகமாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால்:* டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம். குழாய் இணைப்பில் காற்று புகுந்து, ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கலாம்.

*வேகமாகச் சுற்றி வெள்ளைப் புகை வந்தால்:* டீசல் போகிறது, பற்றவில்லை. முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக், அதன் வயர், ஃபியூஸ், ரிலே. அதற்கு அப்புறம்தான் நாசில், கம்ப்ரஷன்.

*சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால்:* இது வேறு நோய். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் உடனே காட்ட வேண்டும்.

*நீலப் புகை* என்றால் ஆயில் எரிகிறது. *கரும்புகை* என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. காற்று ஃபில்டரை முதலில் பாருங்கள்.

நான்கு காலை, நான்கு சோதனை

அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்தம்தான். எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணீங்கன்னா, எதனால சரியாச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அதே இடத்துல நிறுத்துங்க, அதே நேரத்துக்கு எடுங்க, நோட்டுல எழுதுங்க."

வைத்தியரிடம் போய் மூன்று மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொண்டால் எது கேட்டது என்று எப்படித் தெரியும்? அந்தக் கணக்குதான்.

முதல் நாள்: எதுவும் மாற்றவில்லை. இருப்பதை எழுதினோம். செல்ஃப் 7 தடவை. சுற்றுவது நல்ல வேகம். வெள்ளைப் புகை. ஆட்டம் 4 நிமிடம். பிறகு சீர்.

இரண்டாம் நாள்: பேட்டரி சோதனை. மல்டிமீட்டர் என்ற சின்னக் கருவி. சில நூறு ரூபாய்க்குள் எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும். 12 வோல்ட் பேட்டரி ராத்திரி ஓய்வுக்குப் பிறகு 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. இந்த வண்டியில் காலையில் 12.5, செல்ஃப் அடிக்கும்போது 10.4. பேட்டரி குற்றவாளி இல்லை. செல்ஃப் 6 தடவை. ஆட்டம் அதே 4 நிமிடம்.

மூன்றாம் நாள்: டீசல் ஃபில்டர் மேல் உள்ள கை பம்பை, இறுகும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்குவதுதான் நோய் என்றால், இப்படிச் செய்ததும் சட்டென்று ஸ்டார்ட் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. செல்ஃப் 7 தடவை. காற்றும் குற்றவாளி இல்லை.

நான்காம் நாள்: ஹீட்டரை மூன்று தடவை போட்டோம். அதாவது சாவியை முதல் கட்டத்தில் வைத்து, விளக்கு அணைந்ததும் சாவியை மூடி, மறுபடி திருப்பி... இப்படி மூன்று தடவை. பிறகு செல்ஃப். நான்காவது தடவையில் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆட்டம் மட்டும் குறையவே இல்லை.

நான்காம் நாள் பதிலைக் கேட்டதும் அண்ணன் சிரித்தார். "சூடு குடுத்தா கேக்குது. ஆனா ஒரு சிலிண்டருக்குத்தான் சூடு போகுது. இன்னொரு பிளக் செத்திருக்கு."

"விளக்குதான் ஒழுங்கா எரிஞ்சு அணையுதே அண்ணே?" என்று கேட்டோம்.

"அந்த வெளக்கு நேரத்தத்தான் காட்டும். உள்ள பிளக் சூடாச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது."

இதை அடிக்கோடு போட்டு வையுங்கள். பெரும்பாலான பழைய டீசல் வண்டிகளில் ஹீட்டர் விளக்கு சரியாக எரிவதால் மட்டும் பிளக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

டெஸ்ட் லேம்ப் சொன்ன தீர்ப்பு

ஊரில் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். இரண்டு பிளக்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றினார். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறு முனையை முதல் பிளக்கின் தலையில் வைத்தார். லேம்ப் எரிந்தது. இரண்டாவது பிளக்கில் வைத்தார். எரியவில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

சோதனை முடிய ஐந்து நிமிடம் ஆனது.

ஒன்று போனால் இன்னொன்றும் அதே வயதுதான் என்பதால் இரண்டையும் மாற்றினார்கள். ஒரு பிளக் 420 ரூபாய், இரண்டுக்கு 840. கூடவே டீசல் ஃபில்டரும் மாற்றினார்கள், 380. எலக்ட்ரீஷியன் கூலி 300. ஆக மொத்தம் 1,520 ரூபாய்.

மறுநாள் விடியற்காலை நான்கரை மணி. ஹீட்டர் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடித்தார். முதல் தடவையே. ஆட்டம் இல்லை. லேசாகப் புகைந்து அடங்கியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த நான்கைந்து பேரும் ஒன்றும் பேசாமல் கூடைகளை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அப்படியானால் மெக்கானிக் ஏமாற்றினாரா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்ல வேண்டாம். மதியம், சூடான வண்டியைக் கொண்டுபோய், "காலையில ஸ்டார்ட் ஆவல" என்ற ஒரே ஒரு வரியைச் சொல்லியிருக்கிறோம். வெள்ளைப் புகை, நாலு நிமிட ஆட்டம், சூடானால் சரியாகிவிடுகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. அவர் அனுபவத்தில் தோன்றியதைச் சொன்னார். ஆனால் சோதிக்காமல் சொன்னார். நாமும் சோதித்தாரா என்று கேட்காமல் கடன் விண்ணப்பம் எழுதினோம்.

இன்ஜின் இறக்கச் சொன்னால் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் தலையாட்டக் கூடாது:

* கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு காட்டியது? எழுதித் தாருங்கள்.
* ஆயில் குறைகிறதா? (இது நமக்கே தெரிய வேண்டும். வாரம் ஒரு முறை, காலையில், சமதரையில் வைத்து ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து எழுதினால் போதும்.)
* மேட்டில் லோடோடு இழுவை குறைந்திருக்கிறதா? நீலப் புகை வருகிறதா? ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை அடிக்கிறதா?

இந்த வண்டியில் ஆயில் குறையவில்லை. இழுவை குறையவில்லை. நீலப் புகை இல்லை. கம்ப்ரஷன் போன வண்டிக்கு உரிய அடையாளம் ஒன்றும் இல்லை.

இன்னொரு யோசனை. காலை நோய்க்கு வண்டியைக் காட்டுவதாக இருந்தால் முந்தின நாள் சாயங்காலமே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள். காலையில் மெக்கானிக்கே முதல் சாவி போடட்டும். சூடான வண்டி காலை நோயைக் காட்டாது.

பெட்ரோல் காராக இருந்தால்

பெட்ரோல் வண்டியில் ஹீட்டர் பிளக் கிடையாது. ஸ்பார்க் பிளக் உண்டு. அதனால் வரிசை கொஞ்சம் மாறும்.

* முதலில் அதே பேட்டரி, டெர்மினல் சோதனை.
* சாவியை 'ஆன்' வரை திருப்பி இரண்டு விநாடி வைத்து மூடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று வந்தால், ராத்திரியில் பெட்ரோல் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பெட்ரோல் பம்பின் வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம்.
* ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரி பிடித்து, முனை தேய்ந்து இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.
* இன்ஜின் மேல் உள்ள சின்ன ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருந்தால் அதிகக் காற்று புகுந்து குளிரில் ஆட்டம் கொடுக்கும். திராட்டில் பாடியில் அழுக்கு சேர்ந்தாலும் அப்படித்தான்.
* இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டால், குளிர்ந்த இன்ஜினைச் சூடானது என்று நினைத்து பெட்ரோலைக் குறைத்துவிடும்.
* கேஸில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும். பெட்ரோலை மாதக்கணக்கில் தொடாமல் டேங்கின் அடியில் கொஞ்சமாக விட்டு வைத்தால் அது கெட்டுப்போய் காலை ஸ்டார்ட்டிங் கெடும்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரல் மாதத்தில் இருந்து நாடு முழுக்க பி.எஸ்.6 வண்டிகள்தான் புதிதாகப் பதிவாகின்றன. இவற்றில் எல்லாமே கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்த்து, என்ன கோடு வந்தது என்று எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம். இந்த டீசல் வண்டிகளில் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயில் அழுத்தம் மிக மிக அதிகம். நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய வேலையை இவற்றில் செய்யவே கூடாது. பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கையை வைக்கும் முன்

* மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளையே கொன்றுவிடும். பக்கத்தில் குழந்தை தூங்கும் வீடு இருந்தால் இன்னும் கவனம்.
* பேட்டரியைத் தொடும் முன் தங்க வளையல், இரும்புக் காப்பு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இரண்டு முனையில் பட்டால் ஒரு நொடியில் பழுத்துவிடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.
* ஓடும் இன்ஜின் பக்கம் முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடியோடு குனியாதீர்கள். ஃபேன் பெல்ட் இழுத்துவிடும்.
* செல்ஃபை ஒரேயடியாகப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவில் அரை நிமிடமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து போகும்.
* காற்று ஃபில்டரில் பெட்ரோல் துணி வைத்து ஸ்டார்ட் செய்வது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் வெடிக்கும் வேலை. யார் சொன்னாலும் வேண்டாம்.
* டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். பேட்டரி மூடிக்குள் தண்ணீர் போகக் கூடாது. காய்ந்த பிறகு முறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

தீர்மான நோட்டில் இல்லாத ஒரு வரி

வண்டி சரியான பிறகு அந்தக் குழுவின் தீர்மான நோட்டைப் புரட்டினோம். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, ஆடி மாதக் கூட்டம். "டீசல் ஃபில்டர் மாற்ற 380 ரூபாய். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதி இருந்தது. அதற்கடுத்த ஐந்து மாதக் கூட்டத்தில் அந்தப் பேச்சே இல்லை. மாற்றும்போது பழைய ஃபில்டரைத் திறந்து கவிழ்த்தால் கால் டம்ளர் தண்ணீர் வந்தது. காலை ஆட்டத்துக்கு அது காரணம் இல்லைதான். ஆனால் அந்தத் தண்ணீர் நாசிலுக்குப் போயிருந்தால் அடுத்த பெரிய செலவு அதுதான்.

இரண்டாவது, கார்த்திகை மாதக் கூட்டம். "வண்டி பற்றிப் பேசப்பட்டது." அவ்வளவுதான். என்ன பேசப்பட்டது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பிரதிநிதி சொன்னார். "அந்தப் புள்ள அன்னைக்கே சொல்லிச்சு மேடம். காலையில ஒரு பக்கம்தான் ஓடற மாதிரி இருக்குன்னு. நாங்கதான் சாக்குச் சொல்றான்னு நெனச்சோம்."

ஒரு பக்கம்தான் ஓடுகிற மாதிரி. ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சரியாக யார் சொல்ல முடியும்? தினமும் அந்த வண்டியோடு இருப்பவர் சொன்ன ஒரு வரியை நோட்டில் எழுதியிருந்தால், அந்த ஒரு வரியை மெக்கானிக்கிடம் காட்டியிருந்தால், ஒன்றரை மாதத் தொல்லை இல்லை. சந்தையில் போன இரண்டு நாள் வியாபாரமும் போயிருக்காது. ஒரு பெண்ணின் மேல் வீண் பழியும் விழுந்திருக்காது.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநரே எழுந்து, "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் கண்ணு. எங்க தப்புதான்" என்றார். அந்தப் பெண், "பரவாயில்லக்கா, ஃபில்டர் காச மட்டும் மாசாமாசம் எடுத்து வெச்சிடுங்க" என்றார்.

அன்று இரண்டு தீர்மானம் போட்டார்கள். ட்ரிப்புக்கு 30 ரூபாய் பராமரிப்பு நிதியாக எடுத்து வைப்பது. வண்டி ஓட்டுபவர் சொல்வதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதுவது. 38,000 ரூபாய்க் கடன் விண்ணப்பத்தை நாங்கள் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

உங்கள் குழுவுக்கு ஒரு வண்டி நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: தேதி, நேரம், எத்தனை தடவையில் ஸ்டார்ட், புகை நிறம், ஆட்டம் எத்தனை நிமிடம், கிலோமீட்டர். வாரம் ஒரு முறை: ஆயில் அளவு, கூலண்ட் அளவு. (சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.) மாதம் ஒரு முறை: பேட்டரி டெர்மினல், டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்தல். ஆயில், ஃபில்டர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழு வண்டியை (அல்லது மாவு மெஷின், தையல் மெஷின் எதுவானாலும்) தினமும் பயன்படுத்துபவர் யார்? கடைசியாக அவர் சொன்ன குறை என்ன? நோட்டில் இருக்கிறதா?

2. கடந்த ஒரு வருடத்தில் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்ட சின்னச் செலவுகள் எவை? பிறகு எவ்வளவு ஆனது?

3. பழுதுக்குப் பணம் கொடுத்தபோது, என்ன சோதனை செய்தார்கள் என்று கேட்டோமா? பில் வாங்கினோமா? மாற்றிய பழைய பொருளைத் திருப்பி வாங்கினோமா?

4. ஒரு பெண் உறுப்பினர் ஓட்டும் வண்டி பழுதானால் நாம் முதலில் சந்தேகப்படுவது வண்டியையா, அவரையா?

நான்காவது கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, எல்லோரும் பேசும்படி விவாதியுங்கள். உங்கள் குழுவில் பேசியதைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். வண்டி வைத்திருக்கும் குழுக்கள் மல்டிமீட்டர் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள விரும்பினால் உங்கள் களப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள். சேர்ந்தே கற்றுக்கொள்வோம்.